என் பதின்மூன்று பட்டன்கள்

என் வேலையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஒரு ஸ்கிரீனின் அடியில், ஒரே வரிசையில், பதின்மூன்று பட்டன்கள். எல்லாம் ஒரே அகலம், ஒரே உயரம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எட்டு பிக்சல் இடைவெளி. ஏழு இல்லை, ஒன்பது இல்லை, எட்டு. மவுஸால் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்து, கடைசியில் கீபோர்டால் ஒரு பிக்சல் ஒரு பிக்சலாக நகர்த்தி உட்கார வைக்க எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். மொத்தமே ஐந்து பேர். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். வருகிறவரின் பெயர், வயது, என்ன டெஸ்ட் என்று ரிசப்ஷனில் தட்டினால், ரத்தம் எடுக்கும் டியூபில் ஒட்டுவதற்கு நம்பர் போட்ட ஸ்டிக்கர் வரும். அந்த நம்பரை வைத்துத்தான் எது யாருடைய ரத்தம் என்று பிற்பாடு கம்ப்யூட்டருக்குத் தெரியும். இணையம், மொபைல் என்று ஊர் எங்கேயோ போய்விட்டது. எங்களுடையது இன்னமும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டுகிற பழைய பாணி புரோகிராம்தான். அதில் ரிசப்ஷன் ஸ்கிரீன் என்னுடையது.

எங்கள் முதல் வாடிக்கையாளர் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு லேப். அங்கே ரிசப்ஷனில் ஒரு பெண் இருக்கிறாள். பட்டினப்பாக்கத்துக்காரி. அம்மா மீன் விற்கிறவர். இவள் பத்தாவது முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு ஜனங்கள் வரிசை கட்டிவிடுவார்கள். அந்தப் பெண் பெயரைத் தட்டுவாள், அடுத்து நிற்பவரிடம் "தண்ணி குடிச்சிட்டீங்களா, டீ கீ குடிக்கலயே" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், கை பாட்டுக்கு மூன்று பட்டனை அமுக்கிவிட்டு வந்துவிடும். பதிவு, ஸ்டிக்கர், அடுத்தவர். ஸ்கிரீனை நேராகப் பார்க்கக்கூட மாட்டாள்.

எங்கள் முதலாளி புது வாடிக்கையாளர் யாரையாவது மடக்க வேண்டும் என்றால் நேரே அங்கே கூட்டிப் போவார். அவள் முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்து, "பாருங்க சார், கண்ண மூடிக்கிட்டுப் போடுறாங்க. எல்லாம் எங்க மேடம் டிசைன்" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஒன்பது வருடம் அந்தக் குளிர்ச்சியில்தான் என் பிழைப்பு ஓடியது. வருடாந்திர சம்பள உயர்வுகூட எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து அந்த லேப் நடக்கிற தூரம்தான். மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். போனால் சும்மா இருக்க மாட்டேன். எனக்குச் சுத்தம் முக்கியம். அவளுடைய மானிட்டர் பார்க்கச் சகிக்காது. மேலே சாமி படம், பக்கவாட்டில் பஸ் நேரம் எழுதிய துண்டுச் சீட்டு, ஸ்கிரீன் மேலேயே இரண்டு மூன்று ஒட்டுப் பொட்டு. வீட்டில் முகம் கழுவும்போது கண்ணாடியில் ஒட்டி வைப்போமே, அந்த மாதிரி. ஒருநாள் பொறுக்க முடியாமல் நகத்தால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, ஈரத்துணி போட்டுத் துடைத்து, ஆபீஸ் சாமானை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பாடமும் எடுத்துவிட்டு வந்தேன். அவள் "சரி மேடம்" என்றாள். என்னை அவள் எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருடம் ஆபீஸில் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயது, மயிலாப்பூர்க்காரி. குழந்தைகளுக்காகப் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, ஏதோ ஒரு டிசைன் கோர்ஸ் முடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். வந்து இரண்டாவது வாரமே முதலாளி அவளிடம், அடுத்த வெர்ஷனுக்கு ரிசப்ஷன் ஸ்கிரீனை மாற்றி வரையச் சொன்னார். என் ஸ்கிரீனை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க பாவம், எத்தனைய பாப்பீங்க" என்றார். நான் பாவம் என்று இவரிடம் யார் சொன்னது?

அவள் என்ன செய்தாள் தெரியுமா? கம்ப்யூட்டரையே தொடவில்லை. "நாளைக்கும் நாளன்னிக்கும் நான் ஆபீஸ் வரலை. லேப்ல ஒக்காந்துண்டு சும்மா பாக்கப் போறேன்" என்றாள்.

"பாத்து?" என்றேன்.

"பாத்துட்டு வந்து சொல்றேனே."

நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து வந்தவள், மகனுடைய பள்ளிக்கூடக் கத்தரிக்கோலால் கலர் பேப்பரைப் பட்டன் பட்டனாக வெட்டி, ஒரு பெரிய அட்டையில் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். பார்த்தால் ஐந்தாம் வகுப்பு கிராஃப்ட் வேலை மாதிரி இருந்தது. நான் அப்படியே சொன்னேன், அவள் காதில் விழும்படி. அவள் தலையை நிமிர்த்தி, "ஆமா, என் பிள்ளையும் அதான் சொன்னான்" என்று சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் ஸ்கிரீனில் பதின்மூன்று பட்டன் கிடையாது. மூன்று பெரிய பட்டன்கள், தமிழில் எழுதியது. 'ரத்து' என்று குட்டியாக ஒன்று வலது மூலையில். மற்ற ஒன்பதையும் ஒரு மெனுவுக்குள் தள்ளி மூடிவிட்டாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒம்பது வருஷமா இது நமக்கு ஏங்க தோணல?" நமக்கு என்று சொன்னாலும் பார்த்தது என்னைத்தான். என் முகத்தில் ஈயாடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்த வேகத்திலேயே மூடினேன்.

வயிறு எரிந்தது. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அவள் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து அழகாக இருப்பது பிடிக்கவில்லை. டீக்காரர் முதல் டீயை அவள் மேஜையில் வைத்தது பிடிக்கவில்லை. இதெல்லாவற்றையும்விட ஒன்று. அந்த ரிசப்ஷன் பெண் போனில் அவளை "அக்கா" என்றாள். ஸ்பீக்கரில் என் காதாலேயே கேட்டேன். இரண்டே நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. ஒன்பது வருடம் போய் வருகிற நான் மேடம்.

வெளியிடுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் ஸ்கிரீனைத் திறந்தேன். தப்பு கண்டுபிடித்தே தீருவது என்றுதான் உட்கார்ந்தேன், கிடைத்தது. அந்த மூன்று பட்டன்களும் கோணலாக இருந்தன. முதல் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம், அதற்கப்புறம் ஒரு பெரிய வெட்டவெளி, வலது பக்கம் தள்ளி மூன்றாவது. இடைவெளிக்கு ஒரு கணக்கும் இல்லை, வழக்கும் இல்லை. கோர்ஸ் படித்தாளாம் கோர்ஸ். ஒரு வரிசையை நேராக வைக்கத் தெரியவில்லை.

அந்த இடத்தில் புரோகிராம் கோடுக்கு நடுவே அவள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: 'இந்த மூன்றையும் நகர்த்த வேண்டாம். காரணம் இருக்கிறது, என்னைக் கேட்கவும்.'

நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் காரணத்தைச் சொல்வாள், அது நல்ல காரணமாக இருந்து தொலைத்துவிடும் என்ற பயம். 'ரத்து'வையும் மற்றவற்றின் அளவுக்குப் பெரிதாக்கினேன். நான்கையும் ஒரே அகலமாக, எட்டு பிக்சல் இடைவெளியில், நூல் பிடித்தமாதிரி நிறுத்தினேன். அந்தக் குறிப்பையும் அழித்தேன். சரிபார்க்கப்பட்டது என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை புது வெர்ஷன் லேபில் ஏறியது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலாளி போன்.

"மேடம், நீங்க பக்கத்துலதான இருக்கீங்க, உடனே லேபுக்குப் போங்க. டியூப் எல்லாம் இருக்கு, கம்ப்யூட்டர்ல ஆளே இல்லயாம். புதுசா வந்தவங்களுக்கும் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்காங்க."

செருப்பை மாட்டும்போது என் மனசு குதியாட்டம் போட்டது. அவள் ஸ்கிரீன் முதல் நாளே கவிழ்ந்துவிட்டது. இனிமேல் என் பதின்மூன்றும் திரும்பி வரும். ஆட்டோகூடப் பிடிக்கவில்லை, விறுவிறுவென்று நடந்தேன். நான் திருத்தியது அப்போது என் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நினைவு இருந்தது. நேராக்கி வைத்ததால் என்ன கெட்டுப்போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

லேபில் ரத்தம் எடுக்கிற அறை வாசலில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். லேப் அவருடையது. ஸ்டாண்டில் பத்தொன்பது டியூப், எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒழுங்காக ஒட்டியிருக்கிறது. அந்த நம்பர்களைத் தட்டினால் அப்படி யாரும் இல்லை என்கிறது கம்ப்யூட்டர். ரிசப்ஷன் பெண் அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எப்பவும் போலத்தான போட்டீங்க?" என்றேன்.

"அதே மாரிதான் மேடம் போட்டுக்கினு வந்தேன். செவப்பு, பச்ச, மெரூன். பொட்டுக்கு நேராத்தான் பட்டன் கீதுன்னு அந்த அக்கா சொன்னாங்க. இது இன்னாத்துக்கு மாறிகீது?"

அப்போதுதான் அந்த ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தேன். மூன்று பொட்டு. சிவப்புப் பொட்டு 'பதிவு' மேல் இருந்தது. பச்சை 'ஸ்டிக்கர்' ஓரத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. தள்ளி வலது பக்கம் இருந்த மெரூன் பொட்டு, 'அடுத்தவர்' மேல் இருந்திருக்க வேண்டியது, 'ரத்து' மேல் உட்கார்ந்திருந்தது. நான் பெரிதாக்கி இழுத்து வந்து வரிசையில் நிறுத்திய அதே 'ரத்து'.

அவள் கை வழக்கம்போலப் போயிருக்கிறது. அமுக்கியதும் நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவள் கை எது கேட்டாலும் என்டர் தட்டுகிற கை. போட்ட பதிவு அழிந்து காலி ஸ்கிரீன் வந்துவிடும். 'அடுத்தவர்' அமுக்கினாலும் அதே காலி ஸ்கிரீன்தான் வரும். அவளுக்கு எப்படித் தெரியும்?

"இந்தப் பொட்டெல்லாம் எப்ப ஒட்டினீங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வியை ஒன்பது வருடம் கழித்து.

"உங்க பழைய ஸ்கிரீனு வந்தப்பவே மேடம். கோச்சிக்காதீங்க. பதிமூணும் ஒரே சைசு, ஒரே மாரி கீது. எது எதுன்னே தெரில. நாலு வாட்டி மாத்தி அமுக்கி டாக்டரம்மாகிட்ட திட்டு வாங்கினேன். அப்பாலதான் பொட்டு வச்சேன். வச்சப்புறம் தப்பே வர்ல." சிவப்புப் பொட்டை விரலால் அழுத்திக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஒரு வாட்டி நீங்க அத்தினியும் சொரண்டி எட்த்துட்டீங்க. அன்னிக்கு முழுக்க தப்பாவே போட்டுக்கினு இருந்தேன். மறுநாளு திரும்ப ஒட்டிக்கினேன்."

முதலாளி கூட்டி வந்தவர்கள் எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது அந்தப் பொட்டை. எனக்கு உச்சி குளிர்ந்ததும் அந்தப் பொட்டால்தான்.

புதியவள் வந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். பட்டனைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா கொதித்துக்கொண்டிருந்தார். டோக்கன் நம்பரோடு பெயர் எழுதுகிற நோட்டை வைத்துப் பதினேழு டியூபுக்கு ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் இரண்டில்தான் சிக்கல். இரண்டும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுடையவை. வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம், சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ஒருமுறை ரத்தம். இரண்டு ஸ்டிக்கரும் காலையிலேயே சேர்ந்து வந்தவை. எது எதற்கு முன்னால் எடுத்தது என்று தெரியாமல் ரிப்போர்ட் கொடுக்க முடியாது. அந்தப் பெண் திரும்ப வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"மாசமா இருக்கிற பொண்ணு, ரெண்டாவது தடவை பட்டினி கிடக்கணும். யாரும்மா இந்தப் பட்டனை இங்க வச்சது?" என்றார் டாக்டரம்மா.

நான் ஸ்டாண்டிலிருந்த டியூப்களை எண்ண ஆரம்பித்தேன்.

"என் ஸ்கிரீன் டாக்டர். என் தப்புதான். இங்கயே ஒக்காந்துண்டு இப்பவே சரி பண்ணித் தரேன்" என்றாள் அவள்.

உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நன்றி வந்திருக்க வேண்டும், வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. என் ஸ்கிரீன் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். திட்டைக்கூட எனக்கு மிச்சம் வைக்காமல் அவளே வாங்கிக்கொண்டுவிட்டாள்.

அரைமணி நேரத்தில் பட்டன்களைப் பழைய கோணலுக்கே கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் நேரே, அதே கணக்கில்லாத இடைவெளியில். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கிளம்பும்போது கேட்டேன்: "அந்தப் பொட்ட எப்பப் பாத்தீங்க?"

"போன அன்னிக்கே. இது என்ன இப்படி ஒட்டி வெச்சிருக்கேள்னு கேட்டேன், அவ சொன்னா. நீங்க கேட்டதில்லையா?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பிறகு பையை மாட்டிக்கொண்டே, "கோடுல ஒரு குறிப்பு எழுதி வெச்சிருந்தேன். எப்படியோ காணாமப் போயிடுத்து" என்றாள். நான் ஆட்டோ வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கர்ப்பிணிப் பெண் வியாழக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை ஏழு மணிக்கு நானும் லேபுக்குப் போனேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. மூன்று நாளாக ஆபீஸில் புதியவளின் முகத்தைப் பார்க்க முடியாமல், யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றாகிவிட்டது.

ஏழு மாத வயிறு. கூட யாரும் வரவில்லை. ரிசப்ஷன் பெண் அவள் பெயரைத் தட்டினாள், கை சிவப்பு, பச்சை, மெரூன் என்று போய் வந்தது. ஸ்டிக்கர் வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவள் கையில் ஒரு பெரிய டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தார்கள். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டாள்.

"உங்களத் திரும்ப வரவச்சது நான்தாம்மா. கம்ப்யூட்டர்ல பட்டன மாத்தி வச்சது நான். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவள் டம்ளரோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? அப்போ முந்தாநாளு போன் பண்ணவங்க யாரு? அவங்களும் ஒரு மேடம்தான். என் தப்பும்மா, மன்னிச்சிடுன்னு அவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருந்தாங்களே."

அதிலும் புதியவள் முந்திக்கொண்டுவிட்டாள். எனக்கு மறுபடியும் திகுதிகுவென்று எரிந்தது.

"இல்ல. அவங்க தப்பு இல்ல. அவங்க சரியாத்தான் வச்சிருந்தாங்க. மாத்தாதன்னு எழுதியும் வச்சிருந்தாங்க. மாத்தினது நான். அது என் தப்பு, அவங்களுது இல்ல" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது ரிசப்ஷன் பெண்ணின் கை கீபோர்டில் அப்படியே நின்றபோதுதான் தெரிந்தது. டாக்டரம்மா அறையின் கதவு திறந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் கர்ப்பிணிப் பெண் மட்டும் பார்க்கவில்லை. மீதித் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"யார் தப்பா இருந்தா இன்னா மேடம். ரெண்டு வாட்டியும் குடிச்சது நான்தானே" என்றாள்.